சென்னை ஹைகோர்ட், மைசூரு அரண்மனை: இரண்டிலும் ஒரே ஆளின் கை! யார் இந்த ஹென்றி இர்வின்?

பெங்களூருவில் வேலை பார்க்கும் நம்ம ஆட்களுக்கு மைசூரு என்றாலே ஞாயிற்றுக்கிழமை ட்ரிப்தான். அரண்மனையில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பல்புகள் ஒரே நேரத்தில் எரியும். அதை போனில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். அந்தக் குவிமாடங்களையும் வளைவுகளையும் பார்க்கும்போது, 'சென்னை பாரிமுனையில் இதே மாதிரி பார்த்திருக்கோமே' என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், அது சரிதான். இரண்டு இடத்திலும் வேலை பார்த்தவர் ஒருவரே. பெயர் ஹென்றி இர்வின்.

அவர் யார், என்னென்ன கட்டினார், அவர் பெயரில் சொல்லப்படும் கட்டிடங்கள் எல்லாம் அவர் ஒருவரால் உருவானவையா?

சிம்லாவில் தொடங்கிய பெயர்

1841-ல் பிறந்த இர்வினுக்குச் சொந்த நாடு அயர்லாந்து. இந்தியாவுக்கு வந்து பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். முதலில் அவருக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தது சிம்லா. வெள்ளைக்கார அரசின் கோடைகாலத் தலைநகரான அங்கே வைஸ்ராய்க்காக ஒரு மாளிகை வடிவமைத்தார். 1888-ல் வைஸ்ராய் டஃபரின் அதில் குடியேறினார். மெழுகுவர்த்தியும் எண்ணெய் விளக்கும் இருந்த ஊரில் மின்விளக்கோடு வந்த வீடு அது. 1945-ல் சிம்லா மாநாடு நடந்ததும் அங்கேதான். இப்போது அது ஓர் ஆய்வு நிறுவனம்.

அந்த மாளிகையில் இந்தியச் சாயல் பெரிதாக இருக்காது. இங்கிலாந்துப் பிரபு ஒருவரின் மலை வீடு மாதிரியே இருக்கும். அதைக் கட்டிய அதே ஆள்தான் அடுத்து சென்னைக்கு வந்து, முற்றிலும் வேறொரு பாணியில் கை வைத்தார்.

சென்னையில் என்ன செய்தார்?

சென்னை அரசின் ஆலோசனைக் கட்டிடக் கலைஞர் என்பது அவருடைய பதவி. அப்போது இங்கே செல்வாக்காக இருந்தது இந்தோ-சாரசெனிக் பாணி. முகலாயக் குவிமாடம், இந்துக் கோயில் வேலைப்பாடு, ஐரோப்பியக் கட்டுமான முறை மூன்றும் சேர்ந்த கலவை அது. தங்களையும் இந்த மண்ணின் பழைய ஆட்சிகளின் தொடர்ச்சியாகக் காட்டிக்கொள்ள ஆங்கிலேயருக்கு அது வசதியாக இருந்தது. பார்க்க அழகுதான். ஆனால் 'இந்தியத்தன்மை' எப்படி இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்தவர் ஆள வந்தவர் என்பதையும் மறந்துவிட முடியாது.

1892 ஜூலை 12-ல் திறக்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்றம் இந்தப் பாணியின் உச்சங்களில் ஒன்று. அதன் உயரமான கோபுரம் 1894 முதல் கலங்கரை விளக்கமாகவும் இருந்தது. 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகம், 1908-ல் திறந்த எழும்பூர் ரயில் நிலையம், 1909-ல் திறந்த விக்டோரியா நினைவு மண்டபம் ஆகியவற்றிலும் அவருக்குப் பங்கு உண்டு. எழும்பூரில் ரயில் பிடிக்க ஓடும்போது நீங்கள் கடந்து போவது அவர் போட்ட வளைவுகளைத்தான்.

மைசூருவுக்கு எப்படிப் போனார்?

காரணம் ஒரு தீ விபத்து. 1897-ல் இளவரசி ஜெயலட்சம்மண்ணியின் திருமணத்தின்போது மைசூரு அரண்மனை தீப்பிடித்து எரிந்தது. அது திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு, 1803-ல் கட்டி முடித்த மர அரண்மனை. மரம் என்பதால் மிஞ்சியது கொஞ்சம்தான்.

அப்போது மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு வயது 13-கூட ஆகவில்லை. தந்தை இறந்துவிட்டதால், ஆட்சிப் பொறுப்பு தாய் மகாராணி கெம்பநஞ்சம்மண்ணியிடம் இருந்தது. புது அரண்மனை கட்டும் முடிவு அவர் காலத்தில்தான் எடுக்கப்பட்டது. வடிவமைக்க அழைக்கப்பட்டவர் இர்வின். அதே 1897-ல் வேலை தொடங்கியது, முடிய 1912 ஆகிவிட்டது. இடையில் 1902-ல் கிருஷ்ணராஜர் முழு அதிகாரத்தோடு பொறுப்பேற்ற விழாகூட பக்கத்தில் இருந்த ஜகன்மோகன் அரண்மனையில்தான் நடந்தது.

தீ கற்றுக்கொடுத்த பாடம் புது அரண்மனையில் தெரியும். மரத்துக்குப் பதிலாகக் கல், செங்கல், இரும்பு. எண்கோணக் கல்யாண மண்டபத்தின் வார்ப்பிரும்புத் தூண்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வார்க்கப்பட்டு கப்பலில் வந்தவை. அண்ணாந்து பார்த்தால் வண்ணக் கண்ணாடியில் மயில்கள். வெளியே சாம்பல் நிறக் கருங்கல், இளஞ்சிவப்புக் குவிமாடங்கள், நடுவில் 145 அடிக் கோபுரம். மொத்தச் செலவு 41,47,913 ரூபாய். இன்று ஒரு நல்ல ஃபிளாட்டுக்கே இந்தப் பணம் போதாது, ஆனால் அந்தக் காலத்தில் அது பெரிய தொகை.

அப்போ, கட்டியவர் யார்?

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்துக்கு முதலில் வரைபடம் போட்டவர் பிராசிங்டன். அதைத் திருத்தி, ஸ்டீபன்ஸ் என்பவரின் உதவியோடு முடித்தவர் இர்வின். காகிதத்தில் இருந்ததைக் கட்டிடமாக்கிய காண்ட்ராக்டர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டி. விக்டோரியா மண்டபத்தையும் அவர்தான் கட்டினார். கணித மேதை ராமானுஜன் கடைசி நாட்களில் தங்கியிருந்த சேத்துப்பட்டு வீடுகூட இவர் கொடுத்ததுதான். எழும்பூர் நிலையத்தைக் கட்டியவர் பெங்களூரு காண்ட்ராக்டர் சாமிநாத பிள்ளை.

மைசூருவிலும் இதே கதைதான். களத்தில் நின்று வேலையை நடத்தியவர் அரண்மனைப் பிரிவின் பொறியாளர் ராகவலு நாயுடு. டெல்லி, கல்கத்தா, சென்னை என்று போய் அங்குள்ள கட்டிடங்களைப் பார்த்துவிட்டு வந்து, அந்த அனுபவத்தை இங்கே பயன்படுத்தினார். அரண்மனையைப் பிற்காலத்தில் விரிவாக்கியபோது இர்வின் உயிரோடு இல்லை. கல் செதுக்கியவர்கள், கண்ணாடி பதித்தவர்கள், சாரம் கட்டியவர்கள் பெயரெல்லாம் பெயர்ப்பலகை வரைக்கும் வரவில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. சாமுண்டி மலை அருகே இருக்கும் வெள்ளை நிற லலித மஹாலும் இர்வின் வேலைதான் என்று சிலர் நினைப்பார்கள். இல்லை. 1921-ல் வந்த அதை வடிவமைத்தவர் பம்பாயைச் சேர்ந்த ஃப்ரிட்ச்லி.

இர்வின் 1922-ல் காலமானார். இதனால் அவர் திறமை குறைந்துவிடாது. இமயமலைக் குளிர், சென்னை வெயில், மைசூருவின் அரச சடங்கு என மூன்றுக்கும் மூன்று விதமாக யோசித்தவர் அவர். ஆனால் ஆபீஸில் ஒரு ப்ராஜெக்ட் முடிந்ததும் பிரசன்டேஷனில் ஒரே ஒரு பெயர் வந்தால் மற்றவர்களுக்கு எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும். அடுத்த முறை மைசூரு போனால், விளக்கு எரிவதற்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போய்விடுங்கள். பகல் வெளிச்சத்தில் அந்தக் கல் வேலையைப் பார்க்கும்போது இர்வினோடு ராகவலு நாயுடுவையும் நினைத்துக்கொள்ளலாம்.