பாஸ்கல் விதியும் ஒரு தச்சரும்

இயற்பியல் தாளில் பாஸ்கல் விதிக்கு எடுத்துக்காட்டாகப் பிரமா அழுத்தியை எழுதி மதிப்பெண் பெற்று, அன்றே மறந்துவிடுகிறோம். அந்த ஜோசப் பிரமா தொழிலால் ஒரு தச்சர். தேனியில் என் சித்தப்பாவின் தச்சுப் பட்டறையில் விடுமுறைகளைக் கழித்தவன் நான். ஆதலால் அழுத்தியைவிட அவருடைய இழைப்பு இயந்திரமே என்னைக் கவர்ந்தது.

1748-இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உழவர் குடியில் பிறந்தார். காலில் பட்ட காயத்தால் வயல்வேலை இயலாமற்போகவே, தச்சு பழக அனுப்பப்பட்டார். பின்பு லண்டனில் பூட்டு (1784), நீரழுத்தி (1795) எனப் பலவும் படைத்தார்.

1802-இல் மரம் இழைக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். வுல்விச் படைக்கலச் சாலையில் அது நிறுவப்பட்டது. செங்குத்தான தண்டு, அதில் கிடையாகச் சுழலும் பெரிய சக்கரம், சக்கரத்தின் கீழ்முகத்தில் 28 உளிகள். எத்தனை ஆழம் சீவுவது என்பதை அமைத்த விதந்தான் வியப்புக்குரியது. தண்டின் அடிமுனையை ஓர் உருளையிலிருந்த எண்ணெய் தாங்கி நின்றது. சிறு பம்பினால் எண்ணெயைச் செலுத்தினால் உளிகள் உயரும், வெளியேற்றினால் தாழும். அதே பாஸ்கல் விதி!

இன்றைய திக்னஸ் பிளேனரில் கைச்சக்கரத்தைத் திருப்பினால் மேசை ஏறி இறங்குகிறது. ஆனால் நுட்பம் இன்னும் அமைப்பதில்தான் இருக்கிறது. சித்தப்பா மின்னிணைப்பைத் துண்டித்த பிறகே கத்திகளில் கைவைப்பார். ஒரு கத்தி மயிரிழை மேலே நின்றாலும் அது மட்டுமே வெட்டும். பலகையில் அலை விழும். மேசை சாய்ந்திருந்தால் பலகை ஓர் ஓரம் தடித்து மறு ஓரம் மெலியும். ஆகவே ஒரு துண்டு மரத்தை முதலில் ஓட்டி, இரு ஓரமும் அளந்து பார்ப்பார். மலைத் தோட்டங்களிலிருந்து கம்பம் பள்ளத்தாக்குக்கு இறங்கும் சில்வர் ஓக் சற்று முறுக்கும் மரம். வளைந்த பலகையை அப்படியே விட்டால் உருளைகள் அழுத்தும்போது நிமிர்ந்து, வெளியே வந்ததும் பழையபடி வளையும். ஒரு முகத்தை முன்னதாக மட்டமாக்கியாக வேண்டும். இதெல்லாம் இயந்திரம் தானே செய்வதன்று. கைத்திறன் உள்ளவன் செய்வது.

இவ்விடத்தில் பிரமாவிடம் எனக்கொரு மனக்குறை உண்டு. அவர் பூட்டுகளுக்கான நுண்கருவிகளைச் செய்து தந்தவர் ஹென்றி மாட்ஸ்லே என்னும் தொழிலாளி. குடும்பம் பெருகியது, வாரம் 30 ஷில்லிங் போதவில்லை. உயர்த்திக் கேட்டார், பிரமா மறுத்தார். 1797-இல் மாட்ஸ்லே விலகித் தனிப்பட்டறை கண்டு, பெரும் பொறியாளராகப் புகழ் பெற்றார். இயந்திரத்தின் அருமை அறிந்தவருக்கு அந்தக் கையின் அருமை தெரியாமற்போயிற்றே!

ஹாம்ப்‌ஷயரில் ஹோல்ட் காட்டில், தம் நீரழுத்தியால் மரங்களை வேரோடு பெயர்க்கும் பணியை மேற்பார்த்தபோது குளிர் தாக்கி, 1814 டிசம்பர் 9-இல் பிரமா காலமானார். வுல்விச் இயந்திரம் அதன் பிறகும் பல்லாண்டுகள் பலகை இழைத்தது.