மனச்சான்றே அவரது மாண்பு



புதிதாக ஒருவரைச் சந்திக்கும்போது நாம் என்ன கேட்கிறோம்? யாருடைய மகன், என்ன வேலை, எவ்வளவு படிப்பு என்று கேட்கிறோம். கிடைக்கும் பதிலைப் பொறுத்தே அவருக்கு நாற்காலி போடுகிறோம். இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பெரிதாகச் சொல்லிக்கொள்ளப் பதில் இல்லாத ஒருவரைத் திருச்சபை 2007ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் அருளாளராக உயர்த்தியது. அவர்தான் ஆஸ்திரியா நாட்டுக் குடியானவர் பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர்.

1907ஆம் ஆண்டு மே 20ஆம் நாள், சாங்க்ட் ராடெகுண்ட் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தாய் பண்ணையில் வேலை செய்த ஏழைப் பெண். பெற்றோர் திருமணம் செய்துகொள்ளக்கூட வசதி இல்லாதவர்கள். தந்தை முதல் உலகப் போரில் இறந்தார். பின்னர், 1917இல் தாயை மணந்த விவசாயிதான் சிறுவனைத் தத்தெடுத்துத் தம் குடும்பப் பெயரைக் கொடுத்தார். இளமையில் பிரான்ஸ் புனிதராக வாழ்ந்துவிடவில்லை. மோட்டார் சைக்கிள், அடிதடி என்று திரிந்தவர். திருமணத்துக்கு முன்பே ஒரு பெண் குழந்தைக்குத் தந்தையும் ஆனவர். 1936இல் பிரான்சிஸ்காவை மணந்த பிறகு அவரது விசுவாசம் ஆழப்பட்டது. கணவனும் மனைவியும் சேர்ந்து செபித்தார்கள், திருவிவிலியம் வாசித்தார்கள். மூன்று பெண் குழந்தைகள் பிறந்தார்கள். 1941 முதல் ஊர்க் கோயிலில் கோயில்பிள்ளையாகவும் பணி செய்தார்.

1938 மார்ச் மாதம் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. ஏப்ரல் 10ஆம் நாள் அந்த இணைப்புக்கு மக்களின் ஒப்புதல் கேட்டு வாக்கெடுப்பு நடந்தது. அந்த ஊரில் வேண்டாம் என்று வாக்களித்தவர் யேகர்ஸ்டேட்டர் ஒருவர் மட்டுமே. அதிகாரிகளோ ஊர் முழுவதும் ஒரே மனதாக ஆதரித்ததாக அறிவித்துவிட்டார்கள். அவரது வாக்கு கணக்கில்கூட வரவில்லை. ஊர்த் தலைவர் பதவி தேடி வந்தபோதும் அவர் ஏற்கவில்லை.

1940இல் படையில் சேர்க்கப்பட்டு, சில மாதங்கள் பயிற்சி பெற்று, 1941 ஏப்ரலில் வீடு திரும்பினார். அநீதியான இந்தப் போரில் ஹிட்லருக்காக ஆயுதம் ஏந்துவது பாவம் என்று அவர் மனச்சான்று சொல்லியது. இனி அழைப்பு வந்தால் மறுப்பது என்று முடிவு செய்தார். உறவினர்கள் தடுத்தார்கள். குருக்களும், அவர் நேரில் சென்று கண்ட லின்ஸ் ஆயரும்கூட, குடும்பத்தை எண்ணிப் பார்க்கும்படி அறிவுரை சொன்னார்கள். போர் சரியா தவறா என்று தீர்மானிப்பது ஆள்பவர்களின் பொறுப்பு, அது ஒரு சாதாரணக் குடியானவனின் வேலை அல்ல என்பதே அவர் எங்கும் கேட்ட வாதம்.

அந்த வாதத்தை அவர் ஏற்கவில்லை. பதவி இல்லாதவனுக்கும் கடவுள் மனச்சான்றைக் கொடுத்திருக்கிறார், தன் செயலுக்குத் தானே கணக்குக் கொடுக்க வேண்டும் என்று நம்பினார். போருக்குச் சென்ற அயலாரை அவர் தீர்ப்பிடவும் இல்லை. முதலில் தடுத்துப் பார்த்த மனைவி, பின்னர் அவருக்குத் துணையாக நின்றார்.

1943 மார்ச் 1ஆம் நாள் என்ஸ் நகரப் படைமுகாமுக்குச் சென்று, போரிட மாட்டேன் என்று அறிவித்தார். மூத்த மகளுக்கு அப்போது ஆறு வயதுகூட நிரம்பவில்லை. லின்ஸ் சிறையிலும் பிறகு பெர்லின் சிறையிலும் அடைக்கப்பட்டார். காயமடைந்தோருக்கு மருத்துவப் பணி செய்ய அவர் முன்வந்தும் பயன் இல்லை. ஹிட்லருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்த பிரான்ஸ் ரைனிஷ் என்ற குருவானவர் 1942இல் கொல்லப்பட்டதைச் சிறையில் அறிந்தபோது, தாம் தனியாக இல்லை என்று பெரும் ஆறுதல் அடைந்தார். ஜூலை 6ஆம் நாள் இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ஆகஸ்டு 9ஆம் நாள் பிராண்டன்பர்க் நகரில் அவர் தலை வெட்டப்பட்டது. வயது 36.

போர் முடிந்த பிறகும் ஊரார் பலர் அவரை மதிக்கவில்லை. போரில் பிள்ளைகளை இழந்த வீடுகள் நிறைந்த ஊர் அது. அங்கே அவர் பிடிவாதக்காரர், குடும்பத்தைக் கைவிட்டவர் என்றே பேசப்பட்டார். போர் விதவைகளுக்கான உதவித்தொகை பிரான்சிஸ்காவுக்கு 1950 வரை மறுக்கப்பட்டது. 1964இல் கோர்டன் சான் என்ற அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் எழுதிய நூலே அவரை உலகுக்கு அறிமுகம் செய்தது. 1997இல் பெர்லின் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைச் செல்லாது என்று அறிவித்தது. லின்ஸ் பேராலயத்தில் அவர் அருளாளராக அறிவிக்கப்பட்டபோது, 94 வயது மனைவி அங்கே இருந்து கண்டார்.

பாராட்டு வரத் தாமதமானது. ஆனால், அது வந்த நாளில்தான் அவர் மாண்பு பெற்றார் என்று சொல்ல முடியுமா? சிறையில் கைகள் விலங்கிடப்பட்டு இருந்தபோதும் அதே மாண்பு அவரிடம் இருந்தது. மதிப்பு மற்றவர்கள் தருவது. அதை அவர்களே திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும். உள்ளத்தில் அறிந்ததும் வெளியே செய்வதும் ஒன்றாக இருப்பதால் வரும் மாண்பை யாராலும் பறிக்க முடியாது.

நாம் சின்ன ஆள்தானே, நாம் என்ன செய்ய முடியும் என்று நாமும் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். சில நேரம் அது தாழ்ச்சி. பல நேரம் அது சாக்குப்போக்கு. அருளாளரின் திருநாள், அவர் திருமுழுக்குப் பெற்ற மே 21. தந்தையின் பெயர்கூடக் கிடைக்காத அந்தக் குழந்தை கடவுளின் பிள்ளையானது அன்றுதான். நமக்கும் அந்தப் பெயர் தரப்பட்டிருக்கிறது. அதற்கு ஏற்றபடி நம் தராசும், நம் கையொப்பமும், நம் வாக்கும் இருக்கின்றனவா?