ஹாரிஸ் பிரபு: ஆடுகளத்து நீதியும் அரசாங்க நீதியும்

ஆங்கில மக்கள் கிரிக்கெட் ஆட்டத்தை வெறும் பொழுதுபோக்காகக் கருதியதில்லை. அதை நீதிக்கு ஓர் உரைகல்லாகவும், ஒழுக்கத்திற்கு ஒரு பள்ளிக்கூடமாகவும் அவர்கள் போற்றி வந்திருக்கின்றனர். முறைதவறிய செயல் எதைக் கண்டாலும், அது கிரிக்கெட்டுக்கு அடுத்ததன்று என்று சொல்லி இகழ்வது அவர்கள் வழக்கம். இந்த நம்பிக்கையைத் தம் வாழ்நாள் முழுவதும் உளமாரக் கைக்கொண்டவர் நாலாவது ஹாரிஸ் பிரபு. அவர் இங்கிலாந்துக் கோஷ்டியின் ஆதித் தலைவர்களுள் ஒருவர். பம்பாய் ராஜதானிக்கு ஐந்து வருஷ காலம் கவர்னராயிருந்தவர். ஆடுகளத்தில் அவர் காட்டிய நேர்மையை அரசாங்க பீடத்திலும் காட்டினாரா என்பதே அவருடைய சரித்திரத்தைப் படிப்போர் கேட்க வேண்டிய கேள்வி. இருதரத்துச் சாக்ஷியத்தையும் கேட்ட பின்னரே தீர்ப்புச் சொல்லுதல் முறையாதலின், முதலில் அவர் வரலாற்றைக் கூறுவோம்.

ஹாரிஸ் குடும்பத்தின் பெருமைக்கு அடிகோலியது நம் தென்னாட்டு மண்ணே. 1799-ஆம் வருஷம் மே மாதம் 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை வீழ்ந்து திப்பு ஸுல்தான் போர்க்களத்தில் மாண்டபோது, ஆங்கிலச் சேனையை நடத்தி வந்த தளகர்த்தர் ஜார்ஜ் ஹாரிஸ் என்பவர். அவ்வெற்றியில் கிடைத்த கொள்ளைப் பொருளில் தமக்கு வந்த பங்கைக் கொண்டு அவர் கெண்ட் ஜில்லாவில் பெல்மாண்ட் என்னும் மாளிகையை வாங்கினார். 1815-இல் பிரபுப் பட்டம் பெற்றபோது, ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர் என்னும் பெயர்களும் அப்பட்டத்தோடு சேர்ந்தன. அவருடைய பேரர் மூன்றாவது ஹாரிஸ் பிரபு, 1854 முதல் 1859 வரை சென்னை ராஜதானியின் கவர்னர். இராயபுரத்திலிருந்து 1856-இல் முதல் ரயில் புறப்பட்டதும், 1857-இல் சென்னைச் சர்வகலாசாலை தோன்றியதும், அதே வருஷத்தில் வடநாட்டுப் புரட்சியை அடக்கச் சென்னைப் பட்டாளங்கள் அனுப்பப்பட்டதும் அவர் காலத்து நிகழ்ச்சிகளே.

இம்மூன்றாவது பிரபுவின் குமாரரே நம் கதாநாயகர். தந்தை மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய டிரினிடாடில் கவர்னராயிருந்தபோது, 1851-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் அத்தீவில் அவர் பிறந்தார். இரண்டு வயதிலேயே தாயை இழந்தார். மூன்று வயதில் தந்தையின் உத்தியோகம் சென்னைக்கு மாறியது. ஆங்கிலக் கிரிக்கெட்டுக்கே உருவம் என்று பிற்காலத்தார் கொண்டாடிய இவர், இங்கிலாந்தில் பிறந்தவரல்லர் என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் அது பயன்படும். ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையிலும் கல்வி பயின்ற அவர், 1872-இல் தந்தை காலஞ்சென்றதும் பிரபுப் பட்டத்தை எய்தினார். 1875 முதல் 1889 வரை கெண்ட் ஜில்லாக் கோஷ்டிக்குத் தலைமை வகித்து, சீர்குலைந்து கிடந்த அந்த ஜில்லாவின் ஆட்டத்தை நிலைநிறுத்தினார்.

1878-ஆம் வருஷக் கடைசியில் ஒரு கோஷ்டியுடன் அவர் ஆஸ்திரேலியாவுக்குச் சென்றார். மறு வருஷம் பிப்ரவரியில் ஸிட்னி நகரத்தில் நடந்த பந்தயத்தில், மர்டாக் என்னும் உள்ளூர் வீரர் ஆட்டமிழந்ததாக நடுவர் தீர்ப்புக் கூறினார். உடனே ஜனத்திரள் மைதானத்திற்குள் பாய்ந்தது. பந்தயத்தில் பணங்கட்டியிருந்தவர்களின் தூண்டுதலும் அதற்கு ஒரு காரணம் என்பர். ஹாரிஸ் கழியால் அடிபட்டார். எதிர்க் கோஷ்டியார் நடுவரை மாற்றும்படி கேட்டும் அவர் இணங்கவில்லை. மைதானத்தை விட்டு வெளியேறினால் ஆட்டத்தைக் கைவிட்டதாகக் கொள்ளப்படுமென்று, கூச்சலுக்கும் குழப்பத்துக்கும் இடையே அங்கேயே நின்றார். நடுவர் சொல்லே முடிவு என்னும் விதிக்காக அடிபட்டவர் அவர்.

இத்துணை அவமானம் நேர்ந்தும் அவர் தீராப் பகை பாராட்டவில்லை. மறு வருஷம் ஆஸ்திரேலியக் கோஷ்டி இங்கிலாந்துக்கு வந்தபோது, அதனுடன் ஆடுவதற்கே பலர் தயங்கினர். நண்பர்கள் வேண்டிக்கொண்டதன் பேரில் ஹாரிஸ் முன்வந்து, இங்கிலாந்துக் கோஷ்டியைத் தாமே தலைமை தாங்கி நடத்தினார். 1880 ஸெப்டம்பரில் ஓவல் மைதானத்தில் நடந்த அப்பந்தயமே இங்கிலாந்து மண்ணில் நிகழ்ந்த முதல் டெஸ்ட் பந்தயம். கிரேஸ் 152 ஓட்டங்களும் ஹாரிஸ் 52 ஓட்டங்களும் எடுத்தனர். இங்கிலாந்து ஐந்து விக்கெட்டுகளால் வென்றது.

அவர் நடத்திய இன்னொரு போராட்டத்தையும் குறிப்பிட வேண்டும். பந்தை விதிப்படி வீசாமல் முழங்கையை மடக்கி எறியும் கெட்ட வழக்கம் அக்காலத்தில் பரவிவந்தது. நடுவர்கள் அதைக் கண்டும் காணாதவர்போல் இருந்தனர். 1885-இல் லங்காஷியர் ஜில்லாக் கோஷ்டியில் அத்தகைய பந்து வீச்சாளர்கள் இருப்பதாகக் கூறி, கெண்ட் கோஷ்டி அதனுடன் ஆட வேண்டியிருந்த மறுபந்தயத்தையே ரத்து செய்யும்படி ஹாரிஸ் செய்தார். விதி ஒன்று இருக்குமானால் அது வலிய கோஷ்டிக்கும் எளிய கோஷ்டிக்கும் ஒன்றே என்பது அவர் கொள்கை. இக்கொள்கையில் நாம் குறைகாண இடமில்லை.

நிற்க, அவருடைய அரசியல் வாழ்க்கையைக் கவனிப்போம். கன்ஸர்வேட்டிவ் கட்சியைச் சேர்ந்த ஹாரிஸ், 1885-இல் இந்தியா மந்திரிக்கும், அடுத்த ஆண்டில் யுத்த மந்திரிக்கும் உபமந்திரியானார். 1890-இல் பம்பாய் கவர்னராக அனுப்பப்பட்டார். அவர் வந்திறங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், இங்கிலாந்திலிருந்து வந்த வெர்னான் என்பவரின் கோஷ்டியைப் பார்ஸி இளைஞர்கள் பம்பாய் மைதானத்தில் தோற்கடித்திருந்தனர். ஆளுவோரின் ஆட்டத்தைக் கற்று அவர்களையே வென்ற உற்சாகம் நகரத்தில் நிறைந்திருந்தது. கிரிக்கெட் வீரரே கவர்னராக வருகிறார் என்றால் சுதேச ஆட்டக்காரர்கள் நியாயத்தை எதிர்பார்த்தது இயல்பன்றோ?

அவர்களுக்கு ஒரு நெடுநாள் வழக்கு இருந்தது. பம்பாய்க் கோட்டைக்கு அடுத்த பெரிய மைதானத்தில் வெள்ளையர்களின் ஜிம்கானா சங்கத்துக்குத் தனியிடம் உண்டு. அதில் இந்தியர்கள் கால்வைக்கலாகாது. எஞ்சிய பகுதியிலே நூற்றுக்கணக்கான சுதேசிச் சிறுவர்களும் வாலிபர்களும் ஆடிவந்தனர். அந்தப் பகுதியிலேயே வெள்ளையர் சிலர் குதிரைமேலேறிப் போலோ ஆடத் தொடங்கினர். குளம்புகள் தரையைப் பறித்துவிடும். மறுநாள் அங்கே பந்து நேராக எழும்பாது. போலோவை வேறிடத்திற்கு மாற்ற வேண்டுமென்று பார்ஸிகள் முதலானோர் பல வருஷங்களாக விண்ணப்பம் செய்துவந்தனர். ஆயிரக்கணக்கானோரின் ஆட்டம் பெரிதா, சிலருடைய ஆட்டம் பெரிதா என்பதே அவ்வழக்கின் சாரம். ஹாரிஸ் பிரபுவின் தீர்ப்புப் போலோவுக்கு அனுகூலமாகவே முடிந்தது. ஸிட்னியில் நடுவர் சொல்லுக்காக அடிபட்டவர், பம்பாயில் தாமே நடுவராக அமர்ந்தபோது தம் இனத்தாரின் பக்கம் சாய்ந்துவிட்டார்.

இதற்கு ஈடாக அவர் ஒன்று செய்தார். பார்ஸிகளுக்குக் கடலோரத்தில் முன்னரே இடம் கிடைத்திருந்தது. அதற்கு அருகே முஸ்லிம்களுக்கும் ஹிந்துக்களுக்கும் 1892-இல் தனித்தனியே ஜிம்கானா நிலங்கள் ஒதுக்கப்பட்டன. அதே வருஷத்தில் ஐரோப்பியருக்கும் பார்ஸிகளுக்கும் இடையே வருஷாந்தரப் பந்தயம் தொடங்கிற்று. அதை அவர் ஆதரித்தார். நிலம் கிடைத்தது நன்மையே. ஆயினும் அது மதவாரியாகக் கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த வேலியே பின்னர் பந்தயங்களுக்கும் வேலியாயிற்று. 1907-இல் ஹிந்துக்களும், 1912-இல் முஸ்லிம்களும் சேர்ந்து, மதத்துக்கொரு கோஷ்டி என்னும் வழக்கம் வேரூன்றியது. 1940-இல் மகாத்மா காந்தி இம்முறையைக் கண்டித்தார். 1946-க்குப் பின்னரே அது ஒழிந்தது. இதன் பழி முழுவதையும் ஹாரிஸ் ஒருவர்மேல் சுமத்துவது நியாயமாகாது. நம்மவரே விரும்பி வளர்த்த வழக்கம் அது. எனினும் விதைத்த காலம் அவருடையது.

1893 ஆகஸ்டில் பம்பாயில் ஹிந்து முஸ்லிம் கலகம் மூண்டது. எழுபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போது கவர்னர் பூனாவில் இருந்தார். கலகம் தொடங்கி ஒன்பதாம் நாள்தான் அவர் தலைநகரம் சேர்ந்தார் என்பதும், அதுவும் ஒரு கிரிக்கெட் பந்தயத்தை முன்னிட்டே வந்தார் என்பதும் அவர்மீது சொல்லப்பட்ட குற்றச்சாட்டு. திலகர் தமது கேஸரிப் பத்திரிகையில் அரசாங்கத்தின் போக்கைக் கண்டித்து எழுதினார். தாமே செல்லாவிடினும் அதிகாரிகளையும் பட்டாளத்தையும் கொண்டு கலகத்தை அடக்கலாமென்று கவர்னர் எண்ணியிருக்கலாம். ஆயின், கோஷ்டி துன்பப்படும்போது மைதானத்தை விட்டு அகலாதிருப்பதே தலைவன் கடமை என்பதை ஸிட்னியில் உலகத்துக்குக் காட்டியவர் அவரேயல்லவா?

1895-இல் பதவி முடிந்து தாய்நாடு திரும்பிய ஹாரிஸ், அவ்வருஷத்திலேயே எம்.ஸி.ஸி. என்னும் கிரிக்கெட் மகாசங்கத்தின் தலைவரானார். 1896-இல் ரஞ்சித்சிங்ஜி இங்கிலாந்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவராக விளங்கினார். ஆயினும் லார்ட்ஸ் மைதான டெஸ்டுக்கு அவர் தெரிந்தெடுக்கப்படவில்லை. வேற்று நாட்டில் பிறந்தவர் இங்கிலாந்துக்கு ஆடலாகாது என்று ஹாரிஸ் கருதியதே காரணம் என்பர். டிரினிடாடில் பிறந்து இங்கிலாந்துக்குத் தலைமை வகித்தவரின் கருத்து இது! மான்செஸ்டரில் நடந்த அடுத்த டெஸ்டுக்கு வீரர்களைப் பொறுக்கும் உரிமை லங்காஷியர் ஜில்லாவினரிடம் இருந்தது. அவர்கள் ரஞ்சியை அழைத்தனர். அவர் முதலில் 62 ஓட்டங்களும், பின்னர் ஆட்டமிழக்காமல் 154 ஓட்டங்களும் எடுத்து, மைதானத்திலேயே விடையிறுத்தார்.

பிற்காலத்தில் ஹாரிஸ் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கக் கம்பெனியொன்றின் அக்கிராசனராகவும், 1916 முதல் இறக்கும்வரை எம்.ஸி.ஸி.யின் பொக்கிஷதாராகவும் இருந்தார். 1911-இல், பாட்டியாலா மகாராஜாவின் தலைமையில் இந்தியக் கோஷ்டி இங்கிலாந்துக்கு வந்தபோது, அறுபது வயதான அவர் கெண்டின் சார்பில் அதனை எதிர்த்துக் களமிறங்கினார். அதுவே அவருடைய கடைசிப் பெரிய பந்தயம். அவ்விந்தியக் கோஷ்டியில் தீண்டாதாரென ஒதுக்கப்பட்ட குலத்திற் பிறந்த பல்வங்கர் பாலுவும் இருந்தார். அச்சுற்றுப் பயணத்தில் மிகுதியான விக்கெட்டுகளைக் கைப்பற்றியவர் அவரே. 1926-இல் கூடிய ஏகாதிபத்தியக் கிரிக்கெட் மகாநாட்டில் இந்தியாவுக்கு இடம் கிடைத்தபோது அக்கிராசனம் வகித்தவர் ஹாரிஸ். 1932 மார்ச்சில், தம் எண்பத்தொன்றாம் வயதில், ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பொருளில் வாங்கிய அந்த பெல்மாண்ட் மாளிகையில் அவர் காலமானார். மூன்று மாதங்கள் கழித்து, ஸி. கே. நாயுடுவின் தலைமையில் இந்தியா தன் முதல் டெஸ்ட் பந்தயத்தை லார்ட்ஸ் மைதானத்தில் ஆடிற்று.

இனித் தீர்ப்புக்கு வருவோம். ஹாரிஸ் பிரபு வஞ்சகரல்லர். தாம் போற்றிய ஆட்டத்திற்கு உண்மையாக உழைத்தவர். பம்பாய்ப் பள்ளிச் சிறுவர்களுக்காக அவர் பெயரால் ஏற்பட்ட ஹாரிஸ் கேடயப் பந்தயம் இன்றும் நடைபெறுகிறது. 1988-இல் அப்பந்தயத்தில்தான் டெண்டுல்கர், காம்ப்ளி என்னும் இரு சிறுவர்கள் சேர்ந்து 664 ஓட்டங்கள் குவித்தனர். இந்நன்மையை மறைப்பது நன்றியறியாமையாகும். அவருடைய குறை வேறு. விதி எல்லார்க்கும் பொது என்பதை அவர் அறிந்திருந்தார். ஆனால் எல்லார் என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்பதை அவருடைய பிறப்பும் பதவியும் குறுக்கிவிட்டன. சமமானவரோடு ஆடும்போது நேர்மை எளிது. விண்ணப்பத்தோடு வாசலில் நிற்பவனுக்கு, தன் இனத்தாரின் விருப்பத்திற்கு மாறாக நீதி வழங்குவதே அரிது.

இக்குறை ஆங்கிலேயருக்கு மாத்திரம் உரியதென்று நாம் எண்ணி மகிழ்வதற்கில்லை. பாலுவின் பந்து வீச்சைக் கொண்டாடிய நம்மவரே, பூனா மைதானத்தில் அவருக்குத் தனிக் கிண்ணத்தில் தேநீர் கொடுத்தவர்கள். 1947-க்குப் பின் அதிகாரம் நம் கைக்கு வந்துவிட்டது. பொது மைதானத்தைப் பற்றிய வழக்கு ஏதேனும் ஓர் ஊரில் இன்றும் எழாமலில்லை. அங்கே நடுவராக அமர்பவர்கள் நம்மவரே. பொது வேலையில் இறங்கியவர்கள் பதவியேறும் நாளில் ஹாரிஸ் பிரபுவின் சரித்திரத்தை ஒருமுறை எண்ணிப் பார்த்தால் நலமாயிருக்கும்.