சொந்த வீடு இல்லாதவர் நாட்டுக்கே வீடு அமைக்கக் கற்றுக்கொடுத்தார்!

காதரின் பீச்சர் அம்மையாரின் கதை

வீடு அழகாக இருக்க வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இல்லை? ஆனால் கையில் பணம் இல்லையே என்று பலர் பெருமூச்சு விடுவார்கள்.

பணம் அப்புறம், முதலில் வேண்டியது யோசனை என்று எடுத்துக் காட்டினார், ஒரு பெண்மணி. சமையலறையில் பெண்கள் அனாவசியமாக நடந்து நடந்து கால் வலிக்கக் கூடாது என்று கணக்குப் போட்டு வீடு வகுத்தார்.

அவர் பெயர் காதரின் பீச்சர். அமெரிக்க நாட்டவர்.

இதிலே ஓர் அதிசயம் உண்டு. வீட்டைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த அந்த அம்மையார், கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நிலையான சொந்த வீடும் அவருக்கு அமையவில்லை!

பாதிரியார் மகள்

1800-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந்தேதி, நியூயார்க் மாநிலத்தில் ஈஸ்ட் ஹாம்ப்டன் என்ற ஊரில் காதரின் பிறந்தார். தந்தை லைமன் பீச்சர் பெயர் பெற்ற பாதிரியார். சம்பளம் குறைவு, குடும்பமோ பெரிது. காதரின்தான் மூத்த பெண்.

தாயார் ரொக்சானா கைவேலையில் கெட்டிக்காரர். அந்த ஊரில் அப்போது தரைக்கு மணல்தான் தூவுவார்கள். கம்பளம் என்பதை யாரும் கண்டதில்லை. கம்பளம் வாங்க ரொக்சானாவிடம் பணம் இல்லை. அதற்காக அவர் சும்மா இருந்துவிடவில்லை.

பஞ்சை நூலாக்கித் துணி நெய்வித்தார். அதைப் பரண் தரையில் விரித்து ஆணி அடித்தார். அதன்மேல் வண்ணங்களைக் குழைத்து, நடுவே ரோஜாக் கொத்தும், சுற்றிலும் பூக்கரையும் எழுதினார். கூடத்தில் விரித்ததும் அசல் கம்பளம் போலவே இருந்தது. வீட்டுக்கு வந்த தேவாலயப் பெரியவர் ஒருவர், அதன்மேல் கால் வைக்கத் துணியாமல் வாசற்படியிலேயே தயங்கி நின்றுவிட்டாராம்!

காசு இல்லாமலும் வீட்டை அழகு செய்யலாம் என்ற முதல் பாடத்தைக் காதரின் தாயாரிடமே கற்றுக்கொண்டார்.

பதினாறு வயதில் பொறுப்பு

அந்தத் தாயாரின் நிழல் நீண்ட நாள் கிடைக்கவில்லை. 1816-ம் ஆண்டு ரொக்சானா காசநோயால் காலமானார். காதரினுக்கு அப்போது வயது 16. அவருக்குப் பின்னால் ஏழு குழந்தைகள். கடைக்குட்டி இன்னும் நன்றாகப் பேசக்கூடத் தொடங்கவில்லை.

அத்தை ஒருவர் துணைக்கு வந்தார். என்றாலும் மூத்த பெண்ணின் தலையில்தான் பாரம் விழுந்தது. தம்பி தங்கைகளுக்குத் துணி தைப்பது, சமையலைக் கவனிப்பது, பாதிரியார் வீட்டுக்கு ஓயாமல் வரும் விருந்தினரை உபசரிப்பது என்று பொழுது விடிந்தால் வேலை. பொழுது சாய்ந்தாலும் வேலை.

ஒரு குடும்பப் பெண்ணின் நாள் எப்படிக் கழிகிறது என்பது அவருக்கு ஏட்டுப் படிப்பு அல்ல. பட்டு அறிந்த பாடம்.

கடல் கொண்ட கனவு

1822-ம் ஆண்டு காதரினுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மணமகன் அலெக்சாண்டர் பிஷர், யேல் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். இளம் வயதிலேயே மேதை என்று பெயர் எடுத்தவர். ஐரோப்பாவுக்குப் போய்வந்ததும் திருமணம் என்று ஏற்பாடு.

பிஷர் ஏறிச் சென்ற கப்பலின் பெயர் ஆல்பியன். 1822 ஏப்ரல் 22-ந்தேதி அயர்லாந்தின் தென்கரை ஓரத்தில், கடும் புயலில் சிக்கி அந்தக் கப்பல் பாறையில் மோதி உடைந்தது. மாண்டவர்களில் பிஷரும் ஒருவர்.

காதரின் இடிந்து போனார். அந்தத் துயரத்தோடு இன்னொரு வேதனையும் சேர்ந்தது. பிஷர் நல்லவர்தான்; ஆனால் முறைப்படி மனம் மாறி இறைவனை ஏற்றவர் அல்ல; ஆகவே அவர் ஆன்மா கரை சேர்ந்ததா என்பது ஐயமே என்று தந்தை கருதினார். நல்லவர் ஒருவரை ஆண்டவன் கைவிடுவான் என்பதைக் காதரினால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மனத்துக்குள் பெரும் போராட்டம்.

அந்தக் குளிர்காலத்தைப் பிஷரின் பெற்றோர் வீட்டில் கழித்தார். பிஷரின் உடன்பிறந்த சிறுவர் சிறுமியருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். தாமும் கணிதம் படித்தார். பிஷர் தம் உயிலில் காதரினுக்கு 2,000 டாலர் எழுதிவைத்திருந்தார்.

இனித் தமக்கென்று ஒரு குடும்பம் வேண்டாம். பிறருக்குப் பயன்படுவதே வாழ்க்கை என்று காதரின் முடிவு செய்தார்.

ஏழு மாணவிகள்

1823-ம் ஆண்டு ஹார்ட்போர்டு நகரில் பெண்களுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். குதிரைச் சேணம் விற்கும் கடையின் மாடியில் ஓர் அறை. மாணவிகள் ஏழே பேர். தங்கை மேரி உதவிக்கு.

அந்தக் காலத்தில் பணக்காரப் பெண்களுக்குக் கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் படம் வரைதல், அவ்வளவுதான் படிப்பு. காதரினோ கணிதம், ரசாயனம், தத்துவம் எல்லாம் கற்பித்தார். உடற்பயிற்சியும் உண்டு. சில ஆண்டுகளில் மாணவிகள் நூற்றுக்கு மேல் பெருகினார்கள். பள்ளிக்குச் சொந்தக் கட்டடம் எழுந்தது.

1832-ம் ஆண்டு தந்தையோடு சின்சினாட்டி நகருக்குப் போனார். அங்கே தொடங்கிய பள்ளி நிலைக்கவில்லை. 1837-ல் மூடும்படி ஆயிற்று.

கையில் பணம் இல்லை. உடம்பும் சரியில்லை. ஆனால் அவருக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்திருந்தது.

பெற்றோரை விட்டுப் புதிய ஊர்களுக்குக் குடியேறிய இளம் மனைவிமார்கள் திண்டாடினார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யாரைக் கேட்பது? அடுப்புப் புகையை எப்படி வெளியேற்றுவது? துணியில் பட்ட கறையை எப்படிப் போக்குவது? சொல்லித்தரத் தாயும் அருகில் இல்லை; மாமியும் இல்லை. தெரியாத வேலையைச் செய்து செய்து உடம்பு கெட்டு, இளம் வயதிலேயே படுக்கையில் விழுந்தார்கள்.

பின்னாளில் அவர் ஊர் ஊராகப் பெண்களிடம் ஒரு விசாரணையே நடத்தினார். உங்களுக்குத் தெரிந்த பத்துப் பெண்களின் உடல்நலம் எப்படி என்று எழுதித் தரச் சொன்னார். நோய் நொடி இல்லாதவர் மிகச் சிலரே என்று தெரிந்தது.

வீட்டு வேலைக்கும் ஒரு பாடநூல்

1841-ம் ஆண்டு குடும்ப நிர்வாகம் பற்றிக் காதரின் ஒரு நூல் வெளியிட்டார். வெறும் சமையல் புத்தகம் அல்ல அது. மனித உடல் எப்படி இயங்குகிறது என்பது முதல் குழந்தை வளர்ப்பு, உணவு, உடை, சலவை, தோட்டம், வீடு கட்டுதல் வரை எல்லாம் அதில் இருந்தன. ஒவ்வொன்றையும் எப்படிச் செய்வது என்று மட்டும் சொல்லவில்லை. ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்றும் விளக்கினார்.

சட்டத்துக்கும் மருத்துவத்துக்கும் படிப்பு இருக்கிறது. ஒரு குடும்பத்தின் உயிரையும் நலத்தையும் காக்கும் வேலைக்கு மட்டும் படிப்பு வேண்டாமா? இதுதான் அவர் வாதம்.

நூல் 1856 வரை அநேகமாக ஆண்டுதோறும் மறுபதிப்பு ஆயிற்று. பள்ளிகளிலும் பாடமாக நுழைந்தது.

பெண்கள் மேடை ஏறிப் பேசுவது தகாது என்று கருதிய காலம் அது. ஆகவே காதரின் எழுதிய உரையை ஆண் ஒருவர் எழுந்து படிப்பார். எழுதியவர் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்!

1850-ல் தங்கை ஹாரியட் குடும்பத்தோடு பிரன்ஸ்விக் என்ற ஊரில் இருந்தார். கைநிறையக் குழந்தைகள், வீடு நிறைய வேலை. அதற்கு நடுவே அவர் ஒரு நாவல் எழுத ஆரம்பித்தார். காதரின் போய்த் தங்கி, வீட்டுப் பொறுப்பில் தோள் கொடுத்தார். அந்த நாவல்தான் அடிமைகளின் துயரத்தை உலகுக்குச் சொன்ன டாம் மாமாவின் குடிசை. வீட்டில் ஒருவர் சுமையைக் குறைத்தால் இன்னொருவரால் என்ன சாதிக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

கப்பல் காட்டிய வழி

1869-ம் ஆண்டு அக்கா தங்கை இருவரும் சேர்ந்து அமெரிக்கப் பெண்ணின் இல்லம் என்ற பெரிய நூலை வெளியிட்டார்கள். அதில் ஒரு மாதிரி வீட்டின் வரைபடம் இருந்தது. உள்ளளவு 43 அடி நீளம், 25 அடி அகலம்.

அதன் சமையலறைக்கு யோசனை தந்தது எது தெரியுமா? நீராவிக் கப்பல்! கப்பலில் 200 பேருக்குச் சமைக்கிறார்கள். ஆனால் சமையலறையோ மிகச் சிறியது. சமையற்காரர் ஓரிரண்டு அடி நகர்ந்தால் போதும். எல்லாம் கைக்கு எட்டும். பெரிய வீடுகளிலோ அரிசி பருப்பு ஒரு மூலை, அடுப்பு ஒரு மூலை, தண்ணீர் ஒரு மூலை என்பது போல எல்லாம் சிதறிக் கிடக்கின்றன. பாதிப் பொழுதும் பாதித் தெம்பும் நடப்பதிலேயே கழிந்துவிடுகின்றன.

ஆகவே அவர் வகுத்த சமையலறையில் வெளிச்சம் விழும் சன்னலின் அடியில் வேலை மேடை. அதை ஒட்டியே பாத்திரம் கழுவும் தொட்டி. மாவுப் பீப்பாய்க்கு மேடையின் அடியிலேயே இடம். மாவு பிசையும் பலகையைத் திருப்பிப் போட்டால் காய்கறி நறுக்கும் பலகை. சாமான்களுக்குச் சுவரில் அலமாரித் தட்டுகள். அடுப்புக்குத் தனி அறை. இடையே கண்ணாடி பதித்த தள்ளு கதவுகள். சூடு இந்தப் பக்கம் வராது.

கூடத்தையும் அவர் விடவில்லை. உருளைகள் பொருத்திய ஓர் உயரமான மறைப்புத் தட்டி. ஒரு பக்கம் பார்த்தால் அழகான சுவர் போல இருக்கும். மறு பக்கம் உடுப்பு மாட்டும் கொக்கிகளும் தட்டுகளும். அதை நகர்த்தினால் ஒரே பெரிய அறை இரவில் படுக்கை அறை, பகலில் வரவேற்பு அறை!

காற்றோட்டத்துக்குத் தனி அத்தியாயமே உண்டு. அடைத்த அறையில் தூங்குவது நோயை விலைக்கு வாங்குவது என்பது அவர் கட்சி.

80 டாலர் கணக்கு

அந்த நூலில் எல்லாரையும் கவர்ந்த பகுதி ஒன்று உண்டு. வரவேற்பு அறைக்கு ஒரு நல்ல கம்பளம் வாங்க 80 டாலர் ஆகும். வாங்கிய பிறகு வேறு எதற்கும் பணம் மிஞ்சாது. விலை உயர்ந்த கம்பளம் மட்டும், களை இல்லாத அறையில் தனியாகக் கிடக்கும்.

அதே 80 டாலரை வேறு விதமாகச் செலவிட்டால்?

சுவருக்கு ஒட்டும் காகிதமும் கரையும் 5 டாலர் 50 சென்ட். தரைக்குப் பாய் விரிப்பு 15 டாலர். நடு மேஜையும் விரிப்பும் 15 டாலர். மூன்று சன்னலுக்கு மஸ்லின் திரை 6 டாலர் 75 சென்ட். இருக்கைகளுக்கு உறை போட 30 கெஜம் சீட்டித் துணி 7 டாலர் 50 சென்ட். ஆறு நாற்காலிகள் 12 டாலர். ஆக மொத்தம் 61 டாலர் 75 சென்ட்.

கையில் இன்னும் 18 டாலர் 25 சென்ட் மிச்சம்! அதற்கு நல்ல படங்கள் வாங்கி மாட்டலாம்.

சோபா? பலகையை அறுத்து வீட்டிலேயே சட்டம் அடித்து, மெத்தை வைத்து, சீட்டித் துணியால் மூடினால் சோபா. உடைந்த பழைய நாற்காலியும் அப்படியே புதிதாகிவிடும். படங்களுக்குச் சட்டம்? தோட்டத்தில் உதிர்ந்து கிடக்கும் காய்களையும் குச்சிகளையும் ஒட்டலாம். படரும் கொடி ஒன்றைக் கிள்ளித் தண்ணீர்ப் பாட்டிலில் போட்டால் வேர் விடும். சன்னலைச் சுற்றிப் படர விட்டால் அறையே குளிர்ந்துவிடும்.

பணம் இல்லாமல் பூக்கம்பளம் எழுதிய ரொக்சானாவின் பெண்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்?

குறையும் நிறையும்

காதரின் அம்மையாரின் கருத்துக்கள் அனைத்தையும் இன்று ஏற்க முடியாது. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்ற இயக்கத்தை அவர் எதிர்த்தார். பெண்ணின் ஆற்றல் வீட்டிலும் பள்ளியிலும்தான் சிறக்கும் என்று நம்பினார். அவருடைய தங்கைகளில் ஒருவரான இசபெல்லாவோ வாக்குரிமைக்காகவே பாடுபட்டவர்.

ஆனால் வீட்டு வேலை இழிவானது அல்ல. அதுவும் அறிவு வேண்டும் தொழில்தான் என்று அவர் நிலைநாட்டியதை யாரும் மறுக்க முடியாது. அடி எண்ணிச் சமையலறை வகுக்கும் எண்ணம் அவரோடு நிற்கவில்லை. 1926-ல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட் லிகோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சிறு சமையலறையை வகுத்தார். அவர் ஆராய்ந்தது ரயில் வண்டிச் சமையலறையை! அந்த மாதிரியில் சுமார் 10,000 சமையலறைகள் எழுந்தன.

கடைசிக் காலத்திலும் காதரின் உடன்பிறந்தார் வீடுகளில் மாறி மாறித் தங்கி, எழுதிக்கொண்டே இருந்தார். 1878-ம் ஆண்டு மே 12-ந்தேதி, எல்மைரா நகரில் தம்பி தாமசின் வீட்டில் காலமானார். வயது 77.

பெரிய வீடாக இருந்தாலும் சிறிய வீடாக இருந்தாலும் அவர் கேட்கச் சொன்ன கேள்விகள் எளியவை. அடிக்கடி எடுக்கும் பொருள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா? வேலை செய்யும் இடத்தில் வெளிச்சம் விழுகிறதா? காற்று வந்து போகிறதா? ஒரு பொருளை வாங்கும் முன், வீட்டில் இருப்பதைக் கொண்டு சமாளிக்க முடியாதா?

இந்த நான்குக்கும் விடை கண்டுவிட்டால், வீட்டின் அழகு தானே வந்து சேரும். அதைவிட முக்கியமாக, அந்த வீட்டுக்காக உழைப்பவரின் உடம்பும் நன்றாக இருக்கும்.