பனியறையில் பிறந்த அகராதி

மலைநாடு காணச் செல்வோர் கோடைக்காலத்தையே நாடுவர். பனிக்காலம் வந்துற்றால் கணவாய்கள் அடைபடும். ஊரார் கதவைச் சாத்தி அடுப்பண்டை அமர்வர். அத்தகைய காலத்தில், அத்தகைய பள்ளத்தாக்கொன்றில், நெருப்பும் விளக்குமின்றி ஏட்டின்முன் அமர்ந்திருந்த ஒரு பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கியுரைக்க விழைகின்றோம். திபெத்து மொழியாராய்ச்சிக்கு அடிகோலிய அலெக்ஸாந்தர் சோமாவே அவர்.

இவர் 1784ஆம் ஆண்டில், இன்று ருமேனியாவைச் சேர்ந்துள்ள திரான்சில்வேனியாவில், கொரோஷ் என்னுஞ் சிற்றூரில், ஹங்கேரிய மொழி பேசும் எளிய குடியிற் பிறந்தார். நாட்யெனெட் நகரத்துச் சீர்திருத்தத் திருச்சபைக் கல்லூரியில் ஊழியஞ்செய்து உண்டு கற்றார். பின்னர் ஜெர்மனியிலுள்ள கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திற் பயின்றார். தம் இனத்தாரின் ஆதியிருப்பிடம் ஆசியாவில் யாண்டுளது என்று கண்டறிதல் வேண்டுமென்னும் வேட்கை அவரைப் பற்றிக்கொண்டது. 1819ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், கைப்பொருள் மிகுதியுமின்றி, துணையுமின்றிக் கீழ்த்திசை நோக்கிப் புறப்பட்டார். அலெப்போ, பாக்தாத், தெஹ்ரான், புகாரா, காபூல், லாகூர் முதலிய நகரங்களைக் கடந்து, பெரும்பாலும் கால்நடையாகவே, 1822ஆம் ஆண்டு ஜூன் மாதம் லடாக்கின் தலைநகரான லே சேர்ந்தார்.

ஆங்கிருந்து யார்க்கந்து செல்லும் வழி இடரும் பெருஞ்செலவும் உடையதாயிருந்தமையின் மனமடிந்து திரும்பினார். வழியில் மூர்கிராப்ட் என்னும் ஆங்கிலேயரைக் கண்டார். அவர் அளித்த நூலொன்று திபெத்து மொழியைச் சோமாவுக்கு அறிமுகஞ்செய்தது. அம்மொழியிலுள்ள பழஞ்சுவடிகளில் தம் முன்னோரைப்பற்றிய குறிப்புக் கிடைக்கலாம் என்று எண்ணி, அதனைக் கற்கத் துணிந்தார்.

1823ஆம் ஆண்டு ஜூன் மாதம் சன்ஸ்கார் பள்ளத்தாக்கிலுள்ள சங்லாவை அடைந்தார். கடல்மட்டத்திற்கு 11,000 அடிக்கு மேலுள்ள அவ்வூரைக் குளிர்காலத்திற் பனி சூழ்ந்துகொள்ளும். ஆறும் உறைந்து வழியாகும். ஆண்டு ஒன்பதடிச் சதுரமான அறையொன்றில் சோமாவும் அவர்தம் ஆசிரியராகிய சங்யே புந்த்சோக் என்னும் லாமாவும் ஓர் ஏவலாளும் மூன்று நான்கு மாதங்கள் வெளிப்போக இயலாது அடைபட்டிருந்தனர். ஆட்டுத்தோலைப் போர்த்துக் கைகளை அதனுள் ஒடுக்கிக் காலைமுதல் மாலைவரை படிப்பார் சோமா. ஏட்டைப் புரட்டக் கையை வெளியில் நீட்டுதலே பெருந்துன்பமாயிருந்ததாம். இருட்டியபின் விளக்கில்லை, வெறுந்தரையே படுக்கை. இங்ஙனம் பதினாறு மாதங்கள் அவ்வூரிற் கழிந்தன. சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாய்த் திரண்டன.

மலையினின்றும் இறங்கிச் சபாத்து என்னுமிடம் வந்தபோது, ஒற்றரோவென ஐயுற்று ஆங்கில அதிகாரிகள் அவரைத் தடுத்துவைத்தனர். பின்னர் உண்மையறிந்த அரசாங்கத்தார் மாதம் 50 ரூபாய் வழங்கினர். அதிற் பாதியை லாமாவுக்கு ஈந்து, தாம் குறைந்த உணவே கொண்டு, புக்தால் மடத்திலும் கானம் என்னும் ஊரிலும் பணியைத் தொடர்ந்தார். 1834ஆம் ஆண்டில் அவருடைய திபெத்து ஆங்கில அகராதியும் இலக்கணமும் கல்கத்தாவில் வெளிவந்தன. வங்காள ஆசியக் கழகத்தின் நூல்நிலையத் தலைவரானபோதும், புத்தகப் பெட்டிகளின் நடுவே பாய்விரித்தே உறங்கினார்.

1842ஆம் ஆண்டில், 58 வயதை எட்டும் தறுவாயில், லாசாவுக்குச் செல்ல மீண்டும் புறப்பட்டார். இமயத்தின் அடிவாரக் காடுகளில் மலைக்காய்ச்சல் கண்டு, ஏப்ரல் 11ஆம் நாள் டார்ஜிலிங்கில் உயிர்நீத்தார். பனி கொல்லாதவரைக் கொசுக்கடி கொன்றது.

அவர் தேடியது கிடைக்கவேயில்லை. ஹங்கேரிய மொழியின் உறவு திபெத்திலன்று, பின்லாந்திலும் சைபீரியாவின் ஓப் நதிக்கரையிலும் உள்ளதென்பதே மொழிநூலார் துணிபு. ஆயின் அவர் வாழ்வு வீணோ? லாஹுலில் ஊழியஞ்செய்த மொராவிய மிஷனெரியாகிய யெஷ்கே 1881ஆம் ஆண்டில் வெளியிட்ட அகராதியும் சோமாவின் உழைப்புக்குக் கடன்பட்டதே. தந்தையின் கழுதைகளைத் தேடிச்சென்ற சவுல் அரசுரிமை பெற்ற வரலாற்றை நாம் அறிவோம். சோமாவோ தம் குலத்தின் தொட்டிலைத் தேடிச்சென்று பிறிதோர் இனத்தின் கருவூலத்தைத் திறந்தார்; திறந்த பொருளைத் தமக்கென வைத்துக்கொள்ளாது உலகிற்கு ஈந்தார்.

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் நாம் அகராதியை நாள்தோறும் புரட்டுகின்றோம். வேண்டிய சொல் உடனே அகப்படாவிடின் சலித்துக்கொள்கின்றோம். ஆட்டுத்தோலினின்றும் நடுங்கி நீண்ட அக்கையை நினைவோமாயின், ஏட்டைச் சற்றுப் பொறுமையோடு புரட்டுவோம்.