இடிக்காமல் ஊர் திருத்திய பாட்ரிக் கெடிஸ்



நம் அம்மையார்குப்பத்து நெசவாளர் வீடு எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முன்கட்டில் தறி, பின்கட்டில் அடுப்பு, நடுவே குடும்பம். வீடே தொழிற்சாலை. தெருவும் வெறும் வழியன்று. பாவு நீட்டியது அங்கேதான். நூல் உலர்ந்தது அங்கேதான். அந்தி நேரத்தில் பெரியோர் உட்கார்ந்து நியாயம் பேசியதும் அங்கேதான். இப்போது குழித்தறி குறைந்து விசைத்தறியின் சத்தம் மிகுந்துவிட்டது. ஆயினும் அந்த அமைப்பு அடியோடு போய்விடவில்லை. இத்தகைய தெருவை வரைபடத்தில் மட்டும் பார்ப்பவர், நெருக்கம் மிகுந்த இடம், இடித்து நேராக்க வேண்டியது என்று கோடு கிழித்துவிடுவார். கோடு கிழிக்க ஒரு நிமிஷம் போதும். அந்தக் கோட்டின்கீழ் அகப்பட்ட தறிக்காரன் பெண்டு பிள்ளைகளோடு எங்கே போவான் என்று கேட்பவர் அரிது.

அப்படிக் கேட்ட ஒருவரின் சரித்திரத்தை இவ்வாரம் உங்கள் முன் வைக்கிறேன். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர், நம் நாட்டவருமல்லர். ஆனால் நம் தஞ்சாவூர், மதுரைச் சந்துகளில் கால் தேய நடந்தவர். பெயர் பாட்ரிக் கெடிஸ்.

1854-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் ஸ்காட்லாந்து தேசத்தில் பாலட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் பட்டாளத்தில் இருந்தவர். பெர்த் நகரத்தருகே ஒரு குன்றின்மேல் இருந்த வீட்டில், தோட்டமும் செடியுமாகப் பிள்ளை வளர்ந்தான். வாலிபத்தில் லண்டனுக்குச் சென்று, தாமஸ் ஹக்ஸ்லி என்ற பேர்பெற்ற விஞ்ஞானியிடம் உயிர்நூல் கற்றார். நுண்நோக்காடியே அவருக்கு உலகமாயிருந்தது. 1879-இல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ நாட்டுக்குப் போன இடத்தில் கண் கெட்டது. வாரக்கணக்கில் இருட்டறையில் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்தார். பார்வை திரும்பியது. ஆனால் நுண்நோக்காடியில் மணிக்கணக்காகக் குனிந்து உழைக்கும் வலிமை திரும்பவில்லை. இனிமேல் என்ன செய்வது? உயிர்கள் தம் இடத்தில் எப்படி வாழ்கின்றன என்று ஆராய்ந்தவர், மனிதர் தம் ஊரில் எப்படி வாழ்கிறார்கள் என்று ஆராயலானார். செடி வாடினால் செடியை மட்டும் பார்த்தால் போதாது, மண்ணையும் பார்க்க வேண்டும் என்பது தாவர நூலாருக்குத் தெரிந்த விஷயமல்லவா?

எடின்பரோ நகரத்தில் அவருக்குக் கல்லூரி வேலை கிடைத்தது. அந்நகரின் பழம்பகுதியை நீங்கள் மனக்கண்ணால் பார்க்க வேண்டும். மலைமுதுகின்மேல் ஆறு, ஏழு அடுக்கு உயரமான கல் வீடுகள். இடையிடையே ஆள் நுழையும் சந்துகள். ஒரு காலத்தில் பிரபுக்களும் வக்கீல்களும் குடியிருந்த வீடுகள். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுநகரம் எழும்பவே, பணம் படைத்தோர் அங்கே போய்விட்டார்கள். விட்டுப்போன மாளிகைகளை அறை அறையாகத் தடுத்து ஏழைகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். அறைக்கு ஒரு குடும்பம். பழுதுபார்ப்பார் இல்லை. 1861 நவம்பரில் ஒரு நடுநிசியில் அத்தகைய கட்டடம் ஒன்று இடிந்து விழுந்து 35 பேர் மாண்டார்கள். அதன்பின் 1867-இல் நகரத்தைச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. சீர்திருத்தம் என்றால் என்ன? இடித்தார்கள், அகலமான வீதி போட்டார்கள். வீடிழந்த ஏழைகள் மாயமாய் மறைந்துவிடவில்லை. பக்கத்துச் சந்தில், ஏற்கனவே நிரம்பி வழிந்த அறைகளில் போய் அடைந்துகொண்டார்கள்.

1886-இல் கெடிஸ், லிவர்பூல் வியாபாரி ஒருவரின் மகளாகிய அன்னாள் மார்ட்டன் அம்மையாரை மணந்தார். அவ்வம்மையாருக்கு லண்டனில் ஆக்டேவியா ஹில் என்ற மாது செய்த வேலை நன்கு தெரியும். அந்த வேலை யாதெனில், பாழடைந்த வீடுகளை விலைக்கு வாங்கிப் பழுதுபார்த்து, குறைந்த வாடகைக்கு ஏழைகளுக்கே விடுவது. முதல் வீடுகளுக்கு 1865-இல் பணம் கொடுத்தவர் ஜான் ரஸ்கின். முதல் போட்டவர் நூற்றுக்கு 5 வட்டியோடு திருப்தியடைய வேண்டும். மிச்சமெல்லாம் வீட்டின் பழுதுக்குச் சேரும். வாரந்தோறும் வாடகை வாங்க வரும் பெண்மணி ஒழுகும் கூரையையும் பார்ப்பாள், நோயாளிக் குழந்தையையும் பார்ப்பாள். எடின்பரோவிலும் 1885-இல் சமூக சங்கம் என்ற பெயரால் ஒரு தர்ம ஸ்தாபனம் எழுந்து, இதே முறையில் ஏழைகளின் வீடுகளை ஏற்று நடத்தியது. கெடிஸ் அதை நிறுவியவர்களில் ஒருவர்.

சங்கம் அமைப்பது எளிது, பலரும் செய்வார்கள். மணமான சில மாதங்களில் தம்பதிகள் செய்ததுதான் வேறு. வசதியான பகுதியில் இருந்த வீட்டை விட்டு, ஜேம்ஸ் கோர்ட் என்னும் அழுக்கடைந்த முற்றத்தில், அந்த ஏழைகளின் நடுவே குடியேறினார்கள். சினேகிதர் சிலர் முகம் சுளித்தார்கள். கெடிஸ் சுண்ணாம்பு வாளியும் மட்டையும் எடுத்துச் சுவரடித்தார். துடைப்பம் எடுத்துச் சந்தைப் பெருக்கினார். ஜன்னல்தோறும் பூத்தொட்டி வைக்கச் செய்தார். பேராசிரியர் பெருக்குவதைப் பார்த்து முதலில் நகைத்த அயலார், பிறகு தாங்களும் மட்டையைக் கையில் எடுத்தார்கள். தலைப்பிள்ளையும் அந்தக் குடியிருப்பில்தான் வளர்ந்தாள். யோசித்துப் பாருங்கள்: ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பவர் பலர் உண்டு, அந்த ஏழைகளின் படிக்கட்டில் தன் பிள்ளையைத் தவழவிட்டவர் எத்தனை பேர்?

மகள் நோரா வளர்ந்தபின் தகப்பன் வழியிலேயே இறங்கினாள். அந்தப் பழம்பகுதியில் பாழ்நிலம் எங்கெங்கே கிடக்கிறது என்று துண்டு துண்டாக அளந்தார்கள். எழுபதுக்கு மேற்பட்ட துண்டுகள். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 10 ஏக்கர்! மூச்சு முட்டும் என்று சொல்லப்பட்ட இடத்துக்குள்ளேயே குப்பைமேடாக அவ்வளவு வெளி கிடந்தது. அவற்றில் சிலவற்றைக் குழந்தைகளுக்குத் தோட்டமாக்கினார்கள்.

பணவிஷயத்தில் கெடிஸ் சாமர்த்தியசாலி அல்லர் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கடன் வாங்கி வீடு வாங்குவார். அது முடியுமுன் அடுத்ததைப் பேசுவார். கணக்கைப் பார்த்துத் தவித்தவர் அன்னாள் அம்மையார். கடைசியில் 1896-இல் சினேகிதர்கள் கூடி ஒரு கம்பெனி அமைத்து, அவருடைய கட்டடங்களையும் கடன்களையும் ஏற்றுக்கொண்டார்கள். மேடையில் பேசினாலும் தாடிக்குள்ளேயே பேசுவார், பாதி கேட்காது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1914-இல் சென்னைக் கவர்னராயிருந்த பென்ட்லண்டு பிரபு, நகரமைப்பைப் பற்றிய கெடிஸின் கண்காட்சியை இங்கே நடத்தும்படி அழைத்தார். படங்களும் வரைபடங்களும் கிளான் கிராண்டு என்ற கப்பலில் ஏறின. அப்போது மகாயுத்தம் மூண்டுவிட்டது. சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு போட்டு, தன் பெயரையே நம் பேச்சுவழக்கில் விட்டுப்போன எம்டன் கப்பலை நீங்கள் அறிவீர்கள். அந்த எம்டன்தான் கிளான் கிராண்டையும் வழிமறித்து மூழ்கடித்தது. பல வருஷ உழைப்பு கடலுக்குள் போயிற்று. கெடிஸ் தளரவில்லை. ஊரிலிருந்த நண்பர்கள் புதிதாகப் படங்கள் சேர்த்தனுப்ப, 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தில் கண்காட்சி திறக்கப்பட்டது. மூத்த மகன் அலஸ்டேர் கூட நின்று உதவினான்.

பின்பு மாகாணத்து ஊர்களைப் பார்வையிடப் புறப்பட்டார். தஞ்சாவூர்க் கோட்டைக்குள் நெருக்கமான ஒரு குடியிருப்பு. நகரசபையில் ஏற்கனவே ஒரு திட்டம் தயாராயிருந்தது: சதுரங்கக் கட்டம்போல நேர்நேரான வீதிகள், குறுக்கே வரும் வீடுகள் எல்லாம் தரைமட்டம். கெடிஸ் அந்தப் படத்தை மடித்து வைத்துவிட்டுச் சந்து சந்தாக நடந்தார். எந்த வீடு உறுதி, எந்த வீடு தானே இடிந்துவிட்டது, எந்த மனை வெறுமையாய்க் கிடக்கிறது, கிணறு எங்கே, மரம் எங்கே என்று வீடு வீடாகக் குறித்தார். குறித்து முடித்தபோது, புதுவீதிக்கு அவசியமே இல்லை என்று தெரிந்தது. இடிந்ததை மட்டும் அகற்றி, வெறும் மனைகளைத் திறந்துவிட்டு, இருக்கிற சந்துகளை அங்கங்கே சற்று அகட்டி, மரம் நட்டால் எல்லா வீட்டுக்கும் காற்று கிடைக்கும். செலவு? முன்திட்டத்துக்கு ஆவதில் ஆறில் ஒரு பங்குதான். கைகாலை வெட்டாமல் உறுப்பைக் காக்கும் ரணசிகிச்சை என்பதே தம் முறைக்கு அவர் கொடுத்த பெயர்.

குளங்களைப் பற்றியும் அப்படியே. கொசு உற்பத்தியாகிறது, தூர்த்துவிட வேண்டும் என்று சுகாதார அதிகாரிகள் சொன்னார்கள். குளத்தைச் சுத்தம் செய்து மீனும் வாத்தும் விட்டால் அவை புழுவைத் தின்னாவா என்று கேட்டார் கெடிஸ். தென்னாட்டுக் கோயில் நகரங்களின் தேர்வீதி அமைப்பில் மனம் பறிகொடுத்து அதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

1917 அவருக்குக் கொடிய வருஷம். சேனையில் சேர்ந்திருந்த அலஸ்டேர் ஏப்ரலில் பிரான்சு போர்முனையில் மாண்டான். செய்தி வந்தபோது அன்னாள் அம்மையார் இந்தியாவில் காய்ச்சலில் படுத்திருந்தார். சொன்னால் தாங்கமாட்டார் என்றெண்ணிய கணவர், மகன் எழுதிய பழைய கடிதங்களை எடுத்துப் புதிதாய் வந்தவைபோல வாசித்துக் காட்டி வந்தார். ஜூன் மாதம் அம்மையார் மகனின் மரணத்தை அறியாமலே கல்கத்தாவில் கண்மூடினார். ஜேம்ஸ் கோர்ட் முற்றத்தில் அவரோடு துணிந்து குடிபுகுந்த தோழி அவர்.

ஆயினும் மனிதர் வேலையை விடவில்லை. இந்தூர் மகாராஜா அழைத்தார். அங்கே பிளேக் பரவியிருந்தது. கெடிஸ் செய்த ஏற்பாட்டைக் கேளுங்கள். தீபாவளி ஊர்வலம் வழக்கமான வீதியில் போகாது. எந்த வீதியில் வீடுகள் அதிகமாய்ச் சுத்தமாகிப் பழுதுபார்க்கப்பட்டிருக்கின்றனவோ அந்த வீதி வழியே போகும் என்று பறைசாற்றுவித்தார். நம் தேர்ப்பவனிக்கு முந்தின நாள் நாம் தெருவை எப்படிப் பெருக்குகிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஊர் முழுதும் அப்படிப் பெருக்கியது. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. ஊர்வலத்தில் யானையும் குதிரையும் மட்டுமல்ல, நகரத்துத் தோட்டிகளும் புது வெள்ளுடுப்பும் மாலையும் தரித்துக் கௌரவமாக நடந்தார்கள். அழுக்கைக் குறிக்கும் ராட்சத உருவமும், பிளேக்கைக் குறிக்கும் எலியும் கொளுத்தப்பட்டன. என் மனத்தில் நிற்பது அந்த மாலைதான். எவரும் தொடத் தயங்கியவர்களின் கழுத்தில் ஊரறிய விழுந்த மாலை அது. இந்தூரைப் பற்றிய அவருடைய அறிக்கை 1918-இல் இரண்டு பாகமாக வெளிவந்தது.

1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராயிருந்தார். சென்னை மாகாணத்தில் 1920-இல் நகரமைப்புச் சட்டமும் பிறந்தது. ஆனால் அவர் எழுதிய அறிக்கைகளில் பெரும்பாலானவை அலமாரியில் தூசி படிந்தன. நேர்வீதிக்குக் கோடு கிழிப்பது இஞ்சினீயருக்குச் சுலபம்; வீடு வீடாக ஏறி இறங்குவது கஷ்டம்.

சென்னையில் வேலைக்குப் போய்வரும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதன் மிச்சம் தெரியும். 1970-இல் குடிசை மாற்று வாரியம் ஏற்பட்டபோது, பல இடங்களில் குடிசை இருந்த மனையிலேயே மாடிவீடு எழுந்தது. பிற்பாடு கூவம் கரையிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் விட்டார்கள். தலைக்குமேல் கான்கிரீட் கூரை கிடைத்தது. வீட்டுவேலைக்குப் போன தாய்மாருக்குப் பழைய வேலை எட்டாத தூரமாயிற்று. பிள்ளைகளின் படிப்பு நடுவருஷத்தில் அறுந்தது. வாரியம் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. வீடு வேறு, வாழ்விடம் வேறு என்று கெடிஸ் வாதாடி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது.

இந்தியாவை விட்டபின் பிரான்சு தேசத்து மோம்பெலியே நகரில் ஒரு கல்லூரி இல்லம் கட்டினார். அங்கும் கடன்தான். முன்பு வேண்டாமென்ற சர் பட்டத்தை 1932-இன் தொடக்கத்தில் ஏற்றுக்கொண்டார். அவ்வாண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் அங்கேயே காலமானார். எடின்பரோவில் ஆசிரியரும் தொழிலாளரும் கலந்து வாழட்டும் என்று அவர் எழுப்பிய ராம்சே கார்டன் வீடுகள், அந்நகரில் மிகுந்த விலை பெறும் வீடுகளின் வரிசையில் சேர்ந்துவிட்டன. ஏழை எவரும் அங்கே குடிபுக முடியாது. கோட்டை மலையடியில் நோராவின் கூட்டத்தார் குப்பைமேட்டில் போட்ட குழந்தைகள் தோட்டம் ஒன்று இன்னும் செடியும் கொடியுமாக இருக்கிறது.