பேரண்டத்தின் தொடக்கத்தை ஆராய்ந்த லெமைத்தர்

உலகம் ஒரு காலத்தில் தோன்றியதா, அன்றி என்றும் உள்ளதா என்னும் வினா மிகப் பழமையானது. உலகம் எவராலும் படைக்கப்படாதது, ஆதியும் அந்தமும் அற்றது என்பது நம் ஆகமங்களின் துணிபு. இதற்கு மாறாக, விரிந்துவரும் பேரண்டத்திற்கு ஒரு தொடக்கம் உண்டு என்று கணித வழியில் ஆராய்ந்தவர் ஜார்ஜ் லெமைத்தர். கொள்கையால் நம்மினின்று வேறுபட்டவராயினும், அவர்தம் வாழ்வில் நாம் கற்கத்தக்க பாடம் ஒன்று உண்டு.

பெல்ஜிய நாட்டின் ஷார்லெருவா நகரில் 1894ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் அவர் பிறந்தார். பொறியியல் பயின்றுவந்த காலத்தில் முதல் உலகப்போர் மூண்டது. படையில் சேர்ந்து பீரங்கிப் பிரிவில் பணியாற்றினார். போருக்குப் பின் கணிதத்தையும் சமயக் கல்வியையும் மேற்கொண்டு, 1923இல் கத்தோலிக்கப் பாதிரியாராகத் திருநிலை பெற்றார். பின்னர் கேம்பிரிட்ஜில் எடிங்டனிடம் வானியல் பயின்று, அமெரிக்காவிலும் ஆய்வு செய்து, லூவேன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார்.

ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கொள்கையை அடிப்படையாகக் கொண்டு, பேரண்டம் விரிந்துகொண்டே செல்கிறது என்று 1927இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். விண்மீன் திரள்கள் எவ்வளவு தொலைவில் உள்ளனவோ அவ்வளவு விரைவாக விலகிச் செல்கின்றன என்பதையும் அதில் காட்டினார். அவ்வாண்டு அவரைச் சந்தித்த ஐன்ஸ்டைன், கணக்கில் பிழையில்லை எனினும் கருத்து ஏற்கத்தக்கதன்று எனக் கூறிவிட்டார். லெமைத்தர் மனம் தளரவில்லை. 1929இல் ஹபிள் வெளியிட்ட ஆய்வு அவர் கூற்றுக்கு வலுவூட்டியது. சில ஆண்டுகளில் ஐன்ஸ்டைனும் விரிவை ஏற்றுக்கொண்டார்.

1931இல் லெமைத்தர் மேலும் ஒரு படி சென்றார். விரிவைப் பின்னோக்கிக் கணக்கிட்டால், பொருளனைத்தும் ஓர் ஆதி அணுவில் அடங்கியிருந்திருக்க வேண்டும் என்றார். பெருவெடிப்புக் கொள்கையின் வித்து இதுவே. இன்றைய கணிப்பின்படி அத்தொடக்கம் ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. கதிரவ மண்டலம் உருவாகி ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகளே ஆகின்றன.

அவருக்குப் பெருஞ்சோதனை 1951இல் வந்தது. இக்கொள்கை இறைவனின் படைப்பை உறுதிப்படுத்துகிறது என்னும் கருத்துப்படப் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் உரையாற்றினார். வேறொருவராயின் அகமகிழ்ந்திருப்பார். லெமைத்தரோ வருந்தினார். அறிவியல் கருதுகோள் நாளை மாறக்கூடும்; அதன்மீது சமயத்தை நிறுவுவது இரண்டிற்கும் கேடு என்பது அவர் எண்ணம். அக்கருத்தைத் திருச்சபையின் உரியவர்களிடம் பணிவுடன் எடுத்துரைத்தார். 1952இல் வானியலாளர் மாநாட்டில் பேசிய போப்பாண்டவர் அக்கூற்றை மீண்டும் வலியுறுத்தவில்லை.

ஆதிக் கதிர்வீச்சின் எச்சம் கண்டறியப்பட்டதை நோயுற்றிருந்த இறுதிக் காலத்தில் அறிந்து, 1966ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் அவர் மறைந்தார். பேரண்ட விரிவு விதியை ஹபிள்–லெமைத்தர் விதி என வழங்குமாறு உலக வானியல் ஒன்றியம் 2018இல் பரிந்துரைத்தது.

தம் சமயத்திற்குச் சாதகமான இடத்திலும் நடுநிலை வழுவாதிருத்தல் அரிது. புதிய ஆய்வு ஒன்று வெளிவந்தவுடன், இது நம் ஆகமத்தில் முன்பே உள்ளது என்று நாமும் விரைந்து கூறிவிடுகிறோம். ஒவ்வாததாயின் வெறுத்து ஒதுக்குகிறோம். ஒவ்வொரு கூற்றையும் அதனதன் நோக்கில் வைத்து ஆராய்க என்பதே அநேகாந்தம் நமக்குக் கற்பிக்கும் நெறி. அந்நெறியைப் பிற சமயத்தார் ஒருவரின் வாழ்வில் காணும்போது, அதனைப் போற்றுவதும் பின்பற்றுவதும் நம் கடமையாகும்.